போ ஆற்றங்கரையின் மெதடிஸ்ட் ஆலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மேற்குப் புல்வெளிக்கு முதன்முதலில் வந்த மெதடிஸ்ட் ஆலயங்களுள் இன்றும் அதிகம் பேசப்படுவது மார்லியில் உள்ள மெக்டூகல் நினைவு ஆலயம். அதன் தொடக்க காலத்தைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. சில விடைகள் நீளமானவை. கேள்வி சிறியதாக இருந்தாலும் அதன் பின்னாலுள்ள கதை சிறியதாக இல்லாததே காரணம்.

இந்த ஆலயம் எங்கே இருக்கிறது? எப்போது கட்டப்பட்டது?

ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ராக்கி மலைத்தொடரின் அடிவாரக் குன்றுகள் தொடங்கும் இடத்தில், போ ஆற்றின் வடகரையில் இருக்கிறது. கொக்ரேன் ஊரைக் கடந்து 1ஏ நெடுஞ்சாலையில் செல்பவர்கள், சுற்றிலும் வேறு கட்டடமே இல்லாத புல்வெளியில் வெள்ளையடித்த சிறிய மரக்கோயில் ஒன்று தனியாக நிற்பதைக் காணலாம். கட்டப்பட்ட ஆண்டு 1875. வடமேற்குக் குதிரைப்படைக் காவலர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு கோட்டையை எழுப்பி, பிற்காலக் கால்கரி நகருக்கு வித்திட்டதும் அதே ஆண்டில்தான். ஆக, இந்தக் கோயிலும் கால்கரியும் ஒரே வயதுடையவை.

அப்படியானால் இது வெள்ளையர் குடியேறிகளுக்காகக் கட்டப்பட்ட கோயிலா?

சாலையோரம் நின்று படம் எடுத்துச் செல்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள்; தோற்றமும் அதற்கு இடம் தருகிறது. உண்மையில் 1875இல் அந்த வட்டாரத்தில் குடியேறிகள் என்று சொல்லத்தக்கவர்கள் மெக்டூகல் குடும்பத்தாரும் அவர்களை அண்டி வாழ்ந்த ஒருசிலருமே. கோயில் அந்த மலையடிவாரத்தின் முதற்குடிகளான ஸ்டோனி நக்கோடா மக்களுக்காகக் கட்டப்பட்டது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், கூரையும் மணியும் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே மெதடிஸ்ட் ஜெபங்களைச் சொல்லிக்கொண்டிருந்த ஸ்டோனி சபைக்குப் பிந்தி வந்து சேர்ந்த கட்டடம் அது. சபை முதலில், கோயில் பிறகு என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மற்றவை விளங்கும்.

கோயிலுக்கு முன்பே சபை எப்படி உருவானது?

1840ஆம் ஆண்டு ஹட்சன்ஸ் பே கம்பெனியும் இலண்டனிலிருந்த வெஸ்லியன் (அதாவது மெதடிஸ்ட்) மிஷனரி சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி, கம்பெனி தன் தோல் வணிகக் கோட்டைகளில் மிஷனரிகளுக்கு உணவும் உறைவிடமும் பயண வசதியும் தர ஒப்புக்கொண்டது. (தமிழ் வாசகர்களுக்கு இந்த வெஸ்லியன் மிஷனரிகள் அந்நியர் அல்லர், 1814இலேயே இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கியவர்களும் இவர்களே.) அந்த உடன்பாட்டின் பேரில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் ரண்டில் என்ற இளைஞர் 1840 மார்ச்சில் லிவர்பூலில் கப்பலேறி, அவ்வாண்டு அக்டோபரில் எட்மண்டன் கோட்டையை அடைந்தார். இன்றைய ஆல்பர்ட்டாவில் தங்கிப் பணியாற்றிய முதல் புராட்டஸ்டண்டு மிஷனரி அவர்தான்.

ரண்டில் ஓரிடத்தில் கோயில் கட்டி உட்காரவில்லை. காட்டெருமைக் கூட்டம் நகரும் திசையில் மக்கள் கூடாரங்களைப் பெயர்த்துச் சென்றார்கள். அவரும் கோடையில் குதிரையிலும் குளிர்காலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும் அவர்களைத் தேடிச் சென்றார். ஸ்டோனி மக்களை மலையடிவார முகாம்களில் சந்தித்து, ஞானஸ்நானம் கொடுத்து, ஜெபங்களையும் பாடல்களையும் சொல்லித் தந்தார். 1847இல் கை முறிந்து, மறு ஆண்டு ஊர் திரும்பினார். பான்ஃப் நகருக்கு மேலே நிற்கும் ரண்டில் மலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அவர் போன பிறகு ஸ்டோனி மக்களிடையே தங்கியிருந்த போதகர் என்று பல ஆண்டுகள் எவரும் இல்லை. ஆனாலும் 1850களின் இறுதியில் அம்மலைப் பகுதி வழியே சென்ற வெள்ளையர் பயணிகள், காலையும் மாலையும் தாங்களே கூடி வழிபட்ட ஸ்டோனி முகாம்களைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்கள். போதகர் இல்லாத இடத்தில் மூத்தவர் ஒருவர் ஜெபத்தை நடத்தினார். வேட்டை முகாமே சபையாக இயங்கியது. பாமர விசுவாசிகளைக் கொண்டே சிறு குழுக்களை நடத்தும் வகுப்புக் கூட்ட முறை மெதடிஸ்ட் மரபில் அதன் நிறுவனர் ஜான் வெஸ்லி காலத்திலிருந்தே உண்டு என்பதால், நாடோடி வாழ்வுக்கு இந்தச் சபை பொருந்திப் போனதில் வியப்பில்லை.

வாசிக்க என்ன வைத்திருந்தார்கள்?

கிரீ மொழியின் அசையெழுத்தில் எழுதப்பட்ட பாடல்களையும் வேதப் பகுதிகளையும் வைத்திருந்தார்கள். வின்னிபெக் ஏரியின் வடகோடியிலுள்ள நார்வே ஹவுஸில் 1840இல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் மிஷனரி இவ்வெழுத்தை அச்சுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மெய்யொலிக்கும் ஒரு வடிவம். அதே வடிவத்தை நான்கு திசைகளில் திருப்பி வைத்தால் நான்கு உயிரொலிகள் அதனோடு சேரும். உயிர்மெய் எழுத்துகளோடு வளர்ந்த நமக்கு இதன் எளிமை உடனே புரியும்: நாம் மெய்யோடு கொம்பும் காலும் சேர்க்கிறோம், அவர்கள் எழுத்தையே திருப்பிவிடுகிறார்கள். சில நாள்களில் கற்றுக்கொள்ளக்கூடிய இந்த எழுத்து, மிஷனரிகள் கால் வைக்காத முகாம்களுக்கும் கைமாறிக் கைமாறிப் பரவியது.

எவன்ஸிடம் தொடக்கத்தில் அச்சு இயந்திரம் இல்லை. தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஒட்டியிருந்த ஈயத் தகட்டை உருக்கி எழுத்துகளை வார்த்தார். புகைக்கரியை மீனெண்ணெயில் குழைத்து மை செய்தார். விலங்குத் தோல்களைக் கட்டுக்கட்டாக அழுத்தும் கம்பெனியின் அழுத்துப்பொறியை அச்சாகப் பயன்படுத்தினார். சுருக்கெழுத்தும் தேவநாகரியும் அவருக்கு முன்மாதிரியாக இருந்திருக்கலாம் என்பது எழுத்தியல் ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. சமவெளிக் கிரீ மக்களின் வாய்மொழி மரபோ, இந்த எழுத்து தங்கள் முன்னோர் ஒருவருக்குத் தரிசனத்தில் அருளப்பட்டது என்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டோனி மக்களின் தாய்மொழி கிரீ அன்று. இரண்டும் வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை. அண்டை மக்களின் மொழியில்தான் அவர்கள் பாடினார்கள், வாசித்தார்கள், பிரசங்கம் கேட்டார்கள். இந்த இடைவெளியின் விளைவு பின்னால் ஒப்பந்தம் பற்றிய கேள்வியில் வரும்.

மெக்டூகல் குடும்பத்தார் யார்?

ஜார்ஜ் மெக்டூகல் 1821இல் அன்றைய மேல் கனடாவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். மேற்குப் பகுதியின் மெதடிஸ்ட் பணி 1854இல் இங்கிலாந்துச் சங்கத்திடமிருந்து கனடிய மெதடிஸ்டுகளின் பொறுப்புக்கு மாறியது. 1860இல் ஜார்ஜ் நார்வே ஹவுஸுக்கு அனுப்பப்பட்டார். 1862இல் மகன் ஜானை அழைத்துக்கொண்டு சஸ்காட்செவன் ஆற்றுப் பகுதிக்குச் சென்று, எட்மண்டனுக்குக் கிழக்கே வட சஸ்காட்செவன் கரையில் விக்டோரியா மிஷனைத் தொடங்கினார். ஜார்ஜ் 1871இல் எட்மண்டனுக்கு மாறினார்; மார்லி அதன் பிறகே வந்தது.

இவர்கள் வருவதற்கு முன்பே அப்பகுதியில் பணியில் இருந்தவர்களில் ஹென்றி பேர்ட் ஸ்டைன்ஹவர் தனியாகக் குறிப்பிடத்தக்கவர். ஒஜிப்வே இனத்தவரான அவர், கிரீ வேதாகம மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு ஆற்றியவர். ஒயிட்ஃபிஷ் ஏரிக்கரையில் நிலையான சபையொன்றை வளர்த்தவர். ஜான் மெக்டூகல் மணந்த அபிகெய்ல் அவர் மகள். மெக்டூகல் என்ற பெயர் கோயிலுக்கும் சாலைகளுக்கும் சூட்டப்பட்ட அளவுக்கு ஸ்டைன்ஹவரின் பெயர் பரவாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மானிட்டூ கல் விவகாரம் என்ன?

விக்டோரியா மிஷனுக்குத் தெற்கே, அயன் கிரீக் என்ற ஓடையருகே ஒரு குன்றின் மேல் ஏறத்தாழ 145 கிலோ எடையுள்ள இரும்பு விண்கல் ஒன்று இருந்தது. கிரீ, பிளாக்ஃபுட் மக்கள் அதைப் புனிதமாகப் போற்றி, வேட்டைக்குப் போகும் வழியில் காணிக்கை வைத்துச் சென்றார்கள். 1866இல் ஜார்ஜ் மெக்டூகல் அதைப் பெயர்த்து மிஷன் வளாகத்துக்குக் கொண்டுவரச் செய்தார். கல் போனால் கொள்ளைநோயும் போரும் வரும், காட்டெருமை மறையும் என்று முதியவர்கள் எச்சரித்தார்கள். 1870இல் பெரியம்மை அந்தச் சமவெளியையே வாரிக்கொண்டு போனது. ஜார்ஜின் மகள்களில் இருவரும் வளர்ப்பு மகளும் அதில் இறந்தார்கள். மறு ஆண்டு மருமகள் அபிகெய்லும் மறைந்தார்.

அந்தக் கல் பின்னர் கிழக்கே ஒன்டாரியோவிலிருந்த மெதடிஸ்ட் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. இப்போது எட்மண்டனிலுள்ள ராயல் ஆல்பர்ட்டா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெதடிஸ்ட் பணியின் வரலாற்றைப் பெருமையாக எழுதுபவர்கள் இந்த நிகழ்ச்சியை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அது சரியன்று.

மார்லி என்ற இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

ஸ்டோனி மக்கள் ஏற்கெனவே மெதடிஸ்டுகளாக இருந்தது முதற்காரணம். போ ஆற்றுப் பள்ளத்தாக்கில் மரம், நீர், மேய்ச்சல் மூன்றும் இருந்தன. மலையிலிருந்து இறங்கும் சினூக் என்ற வெப்பக்காற்று குளிர்காலத்தின் நடுவிலும் பனியை உருக்கிப் புல்லை வெளிக்காட்டும். அமெரிக்க விஸ்கி வணிகர்கள் மொன்டானாவிலிருந்து வடக்கே ஏறி வந்து, சாராயத்துக்குத் தோல்களைப் பண்டமாற்றுச் செய்து, மக்களைச் சீரழித்துக்கொண்டிருந்த காலம் அது. காவல்படை வேண்டும் என்று அரசை வற்புறுத்தியவர்களில் மெக்டூகல்களும் உண்டு.

1873இல் இடம் முடிவாயிற்று. ஜானும், அவர் இரண்டாவதாக மணந்த எலிசபெத் பாய்டும், வணிகரான தம்பி டேவிட்டும் முதலில் குன்றின் மேல் மரக்கட்டைகளால் கோட்டைபோல் ஒரு குடியிருப்பை அமைத்துக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பிளாக்ஃபுட் எல்லைக்கு மிக அருகில் இருந்ததால் அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. மாடுகளையும் ஓட்டிவந்தார்கள். குதிரைப்படைக் காவலர்கள் 1874இல் வந்து சேர்ந்து அச்சம் தணிந்த பிறகே, ஆற்றுக்கு அருகே சமவெளியில் கோயில் எழுந்தது. ஊருக்குச் சூட்டிய பெயர், ஜானுக்குப் போதகர் அபிஷேகம் செய்த வில்லியம் மார்லி பன்ஷன் என்ற ஆங்கிலேய மெதடிஸ்ட் தலைவருடையது.

கட்டடம் எப்படிப்பட்டது?

எளிமையான ஒற்றை அறைக் கட்டடம்: மரச் சட்டகம், பலகைச் சுவர், இருபுறம் சரியும் கூரை, வாயிலருகே சிறிய மணிக்கூடு, உச்சி கூராக முடியும் சன்னல்கள். ஆங்கிலக் கல் கோயில்களின் கோத்திக் சாயலைத் தச்சர்கள் பலகையில் பிடித்த முறை இது. அந்நாள்களில் அப்பகுதியில் பலகை வேண்டுமென்றால், ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று நீண்ட இழுப்புவாளால் மரத்தை அறுக்க வேண்டும். ஆணியும் கண்ணாடியும் மாதக்கணக்கில் மாட்டு வண்டிகளில் வந்து சேர வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் செதுக்கிய மரக்கட்டைகளை அடுக்கிக் குடிசையாக முடித்துவிடாமல் பலகைக் கோயிலாகக் கட்டியதே ஒரு பிரகடனம்தான்.

ஆண்டின் எல்லா ஞாயிறும் அது நிறைந்திருந்தது என்று எண்ண வேண்டாம். வேட்டைக்காலத்தில் மக்கள் மலைக்குள் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது கோயிலைச் சுற்றிக் கூடாரங்கள் முளைக்கும்.

ஜார்ஜ் மெக்டூகல் எப்படி இறந்தார்?

கோயில் எழுந்த மறு ஆண்டின் சனவரியில், இறைச்சி தேடி ஜார்ஜும் ஜானும் சிலருமாகக் காட்டெருமை வேட்டைக்குச் சென்றார்கள். இடம், இன்றைய கால்கரி நகரின் வடகிழக்குப் பகுதி. 1876 சனவரி 24ஆம் நாள் மாலை, வேட்டையாடிய இறைச்சியைச் சறுக்குவண்டிகளில் ஏற்றிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பும் வழியில், தாம் முன்னே போய் உணவுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லி ஜார்ஜ் குதிரையில் புறப்பட்டார். மற்றவர்கள் கூடாரத்தை அடைந்தபோது அவர் அங்கே இல்லை. பனிக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. நாள்கணக்கில் தேடினார்கள், ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே உடல் பனியில் கிடைத்தது. மார்லியிலேயே அடக்கம் செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 54. அவர் நினைவாகவே ஆலயம் இன்றைய பெயரைப் பெற்றது.

ஏழாம் ஒப்பந்தத்தில் இந்தச் சபைக்கு என்ன பங்கு?

1877 செப்டம்பரில் பிளாக்ஃபுட் கிராசிங் என்ற இடத்தில் கனடிய அரசுக்கும் ஐந்து முதற்குடி மக்களுக்கும் இடையே ஏழாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்டோனி தரப்பில் பேர்ஸ்பா, சினிக்கி, குட்ஸ்டோனி என்ற மூன்று குழுக்களின் தலைவர்கள் கையொப்பமிட்டார்கள். குட்ஸ்டோனி குழுவுக்கு வெஸ்லி என்றும் பெயர் உண்டு; இங்கிலாந்தில் குதிரையேறி ஊர் ஊராகப் பிரசங்கித்த ஜான் வெஸ்லியின் பெயர் ராக்கி மலை வேட்டைக்காரர்களின் குடிப்பெயராகிவிட்டது.

ஸ்டோனி மக்களுக்கு ஆலோசகராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஜான் மெக்டூகல் இருந்தார். அவருக்குக் கிரீ மொழி சரளம். ஸ்டோனி மொழியில் அந்த அளவு தேர்ச்சி இல்லை என்பதும், தாங்கள் சமாதான உடன்படிக்கைக்கு ஒப்புக்கொண்டதாகவே முன்னோர் எண்ணினார்கள், நிலத்தைக் கையளிப்பதாக எண்ணவில்லை என்பதும் ஸ்டோனி முதியோர் வழிவழியாகச் சொல்லிவருவது. ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு சொல் நழுவினால் அடுத்த ஞாயிறு திருத்திக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் நழுவிய சொல்லுக்கு அடுத்த ஞாயிறு கிடையாது.

மிஷன் அங்கே இருந்ததால் மூன்று குழுக்களுக்கும் சேர்த்து ஒரே ஒதுக்கீட்டு நிலம் மார்லியைச் சுற்றியே அளந்து தரப்பட்டது. பேர்ஸ்பா குழுவின் வேட்டை நிலமோ தெற்கே. குட்ஸ்டோனி குழுவினுடையது வடக்கே கூட்டனே சமவெளி. 1890களில் பீட்டர் வெஸ்லி என்ற தலைவர் தம்மைச் சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு அந்த வடநிலத்துக்கே திரும்பிவிட்டார். காட்டெருமை அதற்குள் அழிந்துபோயிருந்தது.

பள்ளி ஒன்றும் இருந்ததல்லவா?

இருந்தது. 1880களில் மெக்டூகல் அனாதை இல்லம் என்ற பெயரில் தொடங்கி, அரசு உதவியுடன் சபை நடத்திய உறைவிடப் பள்ளியாக அது மாறியது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்த, நாடெங்கும் இயங்கிய அந்த அமைப்பின் ஓர் அங்கம் அது. ஒரு காலத்தில் முதற்குடி மொழிக்கென எழுத்து வார்த்துக் கொடுத்த அதே மரபு, இரண்டு தலைமுறைக்குள் அம்மொழிகளைப் பிள்ளைகளின் நாவிலிருந்து அகற்ற முனைந்தது. மெதடிஸ்டுகளின் பொறுப்பை ஏற்ற கனடா ஐக்கிய சபை, முதற்குடி மக்களிடம் 1986இல் பொதுவாகவும், 1998இல் உறைவிடப் பள்ளிகளுக்காகத் தனியாகவும் மன்னிப்புக் கேட்டது.

கோயில் ஏன் கைவிடப்பட்டது?

ரயில்தான் காரணம். கனடியன் பசிபிக் ரயில்பாதை 1883இல் கால்கரியை எட்டி, மேற்கே நீண்டபோது மார்லியில் ஆற்றின் மறுகரை வழியே சென்றது. நிலையமும் கடைகளும் அங்கே எழ, பழைய குடியிருப்பு மெல்ல வெறுமையாயிற்று. 1921இல் பழைய கோயிலில் வழக்கமான ஆராதனை நின்றது. 1950களில் பழுதுபார்க்கப்பட்டு, ஆண்டுக்குச் சில சிறப்பு ஆராதனைகளுக்குத் திறக்கப்பட்டது. பின்னர் மாகாணத்தின் வரலாற்றுச் சின்னமும் ஆனது.

இன்று அது மெதடிஸ்ட் கோயிலா, ஐக்கிய சபைக் கோயிலா?

1925 ஜூன் 10 அன்று கனடாவின் மெதடிஸ்டுகளும் காங்கிரிகேஷனல் சபையாரும் பிரஸ்பிட்டேரியன்களில் பெரும்பகுதியினரும் சேர்ந்து கனடா ஐக்கிய சபை ஆனார்கள். அன்றிலிருந்து இது ஐக்கிய சபைக் கோயில். தென்னிந்தியாவின் வெஸ்லியன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது போன்ற மாற்றம்தான்.

2017இல் நடந்த தீ விபத்தில் என்ன ஆனது?

மே 22ஆம் நாள் தீப்பிடித்தது. யாரோ வைத்த தீ என்றே கருதப்பட்டது. உட்புறம் கருகிப்போனாலும் சட்டகத்தின் பெரும்பகுதி விழாமல் நின்றது. மிஞ்சிய மரங்களைக் கொண்டே மீண்டும் கட்ட வேண்டும் என்று கோயிலைப் பராமரித்துவந்த சங்கத்தார் முனைந்தபோது, ஸ்டோனி மக்களிடமிருந்து இருவிதக் குரல்கள் எழுந்தன. உறைவிடப் பள்ளியின் நினைவைச் சுமக்கும் கட்டடத்தை ஏன் மறுபடி எழுப்ப வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. தங்கள் தாத்தா பாட்டி ஞானஸ்நானம் பெற்ற இடம், திருமணம் செய்துகொண்ட இடம், அது நிற்கட்டும் என்றவர்களும் உண்டு. இரண்டு தரப்பாரும் பேசியது ஒரே முன்னோரைப் பற்றித்தான்.